உப்புத்தண்ணீர் குடித்த கார்

மனாமாவில் நான் கார் துடைக்கும் அடுக்குமாடிக்குக் கீழே, தரைக்கு அடியில் இரண்டு தளங்கள் முழுக்க கார்கள்தான். மேலே விடிந்தது அங்கே தெரியாது. குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் அதிகமானால் மேல்வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்கள் என்று அர்த்தம். நான் வாளியும் துணியுமாக முதல் வரிசையைத் தொடங்கும்போது சட்டைப்பையில் செல்போன் ஒருமுறை சிணுங்கும். கூப்பிடுவது மனைவி இல்லை. பழவேற்காடு ஏரிக்கரையில் நிற்கும் என் கார், தன் வயிற்றில் எவ்வளவு கரண்ட் மிச்சம் இருக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புகிறது. நேற்று அறுபத்திரண்டு. இன்று அறுபத்தொன்று. ஓடாமல் நின்றாலும் தின்றுகொண்டே இருக்கும் ரகம் அது. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு வாய் கசக்கும். அதே கம்பெனியின் அதே நிறத்துக் கார் ஒன்று இங்கே மூன்றாவது வரிசையில் நிற்கிறது. போனை உள்ளே வைத்துவிட்டு நான் போய் அதைத் துடைக்க வேண்டும். ஒரு காருக்குச் சொந்தக்காரனாக இருந்துகொண்டே அதே மாதிரிக் காரைக் கூலிக்குத் துடைக்கிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இங்கே அறையில் கூடப் படுக்கிறவர்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவன், நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் குப்பத்தில் ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. நல்ல இடம், சுமாரான இடம் என்று எல்லோருக்கும் சுற்றி வரும். அந்த உரிமைக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு நாள் கோயில் முன்னால் ஊர் கூடிச் சீட்டுப் போடுவார்கள். குடும்பத் தலைவன் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து ‘இருக்கேன்’ என்று சொல்லித் தன் கையால் சீட்டை எடுக்க வேண்டும். அண்ணனுக்குத் தம்பி எடுக்க முடியாது, புருஷனுக்குப் பெண்சாதி எடுக்க முடியாது. ஆள் இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்க ஊரே ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அதனால் பஹ்ரைனில் இருந்த வருஷங்களில் பொங்கலுக்கு, மகளின் சடங்குக்குக்கூட லீவு கேட்டதில்லை. சீட்டுப் போடும் நாளுக்கு மட்டும் கேட்டு வாங்கி, வந்து உட்கார்ந்து, ‘இருக்கேன்’ என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போவேன். கூட்டத்தில் நான் பேசிய பேச்சு எல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். என் முறையில் தம்பி ஏழுமலை வலை கட்டுவான், மீனில் பாதி என் வீட்டுக்கு வரும். போகப் போக ஊரில் முணுமுணுப்பு வந்தது. வருஷத்துக்கு ஒருநாள் விருந்தாளி மாதிரி வருகிறவனுக்கு ஏரி எதற்கு என்று கேட்டார்கள். அது என் காதுக்கும் வந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு, வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டேன்.

வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். என் மனைவி ராணி ஒரு ஃபைபர் படகு வாங்கச் சொன்னாள். என் மாமன் மகன் சேகர் வந்து அதைக் கெடுத்தான். அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் விடுகிறவன். மேலாளர்களையும் வெளிநாட்டு எஞ்சினியர்களையும் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட இப்போது கம்பெனிக்காரர்கள் கரண்ட் வண்டிதான் கேட்கிறார்கள் என்றான்.

“புதுசு வாங்கினா நம்ம குப்பத்தையே விக்கணும் மச்சான். பழசு வாங்கு. பெரிய பெரிய ஆளுங்க ரெண்டு வருஷம் ஓட்டிட்டு, சலிச்சிப் போயி தள்ளி உட்றானுங்க. மாருதி விலைக்கு மகாராஜா வண்டி. பெட்ரோல் போட்ற வேலையே இல்ல, டப்பு அப்படியே நிக்கும்” என்றான்.

“ராஜா வேணான்னு தள்ளினத நாம எதுக்கு இட்டாரணும்? இன்னாத்துக்குயா நமக்கு இந்தப் பேஜாரு?” என்று ராணி என்னைப் பார்த்துக் கேட்டாள். அவள் கேட்டதில் எல்லாம் இருந்தது. ஆனால் எனக்குள் வேறொன்று இருந்தது. அத்தனை வருஷம் அந்த மாதிரிக் கார்களின் வெளிப்புறத்தைத்தான் தொட்டிருக்கிறேன். உள்ளே துடைக்கச் சொன்னால் சீட்டின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்துத்தான் முட்டி வைக்க விடுவார்கள். தாள் இல்லாமல் ஒருமுறை உட்கார வேண்டும் என்று ஆசை. இவ்வளவு அற்பமான ஆசைக்கு மனிதன் இவ்வளவு விலை கொடுப்பானா என்று இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு அருவருப்பு வருகிறது.

சோழவரம் தாண்டி ஒரு பழைய கார் ஷெட்டில் வாங்கினோம். விற்றவன் கதவைத் திறப்பதற்கு முன்னால் உள்ளே சென்ட்டை அடித்தான். அந்த வாசனைக்கு அடியில் யாரோ ஒருவரின் வியர்வையும், நாயின் ஈர முடியும், கெட்டுப்போன பாலும் சேர்ந்த ஒரு வாடை இருந்தது. வெள்ளைத் தோல் சீட், உட்கார்ந்தால் பின்பக்கம் ஒட்டியது. தாள் விரித்துக் கொண்டால் தேவலை என்று இருந்தது. பொத்தானை அழுத்தினதும் சத்தமே இல்லாமல் திரை எரிந்து, ‘வெல்கம் விவேக்’ என்று எழுத்து வந்தது. விவேக் என்பது முந்தைய முதலாளி. பெயர் மாற்றியதும் அது தானாகப் போய்விடும் என்றான் விற்றவன். போகவில்லை. ஆர்டிஓ ஆபீசில் என் பெயர் ஏறியது, நம்பர் போர்டு வாடகை வண்டிக்கு மாறியது, இன்சூரன்சும் என் பெயருக்கு வந்தது. கார் மட்டும் தினமும் என்னை விவேக் என்றுதான் வரவேற்றது.

எங்கள் ஊரில் படகோ மோட்டாரோ எது புதிதாக வந்தாலும் முதல் தண்ணீர் கொடுக்காமல் எடுக்க மாட்டார்கள். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தில் மூன்று குடம் மொண்டுவந்து, மஞ்சள் கரைத்து, படகு என்றால் முன்மூக்கான அணியத்தில் ஊற்றுவார்கள். மோட்டார் என்றால் மூடியைத் திறந்து வாயில் தொட்டு வைப்பார்கள். இந்தத் தண்ணீரைக் குடித்ததுதான் ஊர்ப்பொருள், குடிக்காதது அந்நியப் பொருள். சைக்கிளுக்குக்கூட ஊற்றியிருக்கிறோம். எனக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. கார் வந்த அன்று ஊரே கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் கன்னியப்பன் மாமாதான் குடத்தைத் தூக்கினார். முன்பக்க மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே வெறும் பெட்டி, கருப்புக் கம்பளம் விரித்திருந்தது.

“எஞ்சினு எங்கடா தேசிங்கு?”

“இதுக்கு எஞ்சினு கெடயாது மாமா” என்றேன்.

“எஞ்சினே வெக்காம வித்துட்டானா? உன்ன மாதிரி வாய் தொறக்காதவனுக்குத்தான்டா இப்டி விப்பானுங்க” என்றார். பெண்கள் சிரித்தார்கள். “சரி, இது எது வழியா துன்னுது?”

ஏழுமலை தனக்குத் தெரிந்ததைக் காட்டும் பெருமையில் பின்பக்கம் போய் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். சார்ஜ் போடும் இடத்தின் சிறு கதவு தானாகத் திறந்தது. குழந்தைகள் ஓவென்று கத்தினார்கள். அதுதான் வாய் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மனாமாவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காவல்காரர் யூசுஃப் என்னை அந்தச் சிறு கதவுக்கு முன்னால் நிறுத்தி, விரலை ஆட்டி, ‘மாய் மாஃபி, மாய் மாஃபி’ என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். இங்கே தண்ணீர் கூடாது என்று அர்த்தம். இப்போது என் தொண்டை வரை வந்ததும் அந்த அரபிதான். தமிழில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? தெரிந்திருந்தாலும், ஊர்த் தண்ணீரை என் கார்மேல் ஊற்றாதே என்று எந்த வாயால் சொல்வேன்? அப்போதே விருந்தாளி என்று பேசுகிறவர்களுக்கு, ஆமாம் விருந்தாளிதான் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகாதா? சீட்டு நாளுக்கு அதிக மாதங்கள் இல்லை. வாயை மூடிக்கொண்டேன். மாமா மூன்று குடத்தையும் நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், அந்தத் துளைகளுக்குள் ஊற்றினார். மஞ்சள் குழம்பையும் விரலால் வழித்துத் தடவினார். உப்புத் தண்ணீர் கீழ்வழியாக வந்து மணலில் இறங்கியது. தாழம்பூ ஒன்றைத் திரைக்கு முன்னால் வைத்தார்கள். விவேக்குக்கு நல்வரவு என்று திரை சொன்னது.

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதனால் நானும் பிழைத்தேன் என்று நினைத்தேன். அதற்குள் வேறு செலவுகள் கழுத்தைப் பிடித்தன. எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றை லைன். அதில் செருகினால் அக்கம் பக்கத்து ஃபேன்கள் எல்லாம் கிழவன் மாதிரிச் சுற்றும், ஒரு நாள் பூராவும் செருகினாலும் அரை வயிறு நிறையாது. மூன்று ஃபேஸ் வாங்க ஈபி ஆபீசுக்கு நடந்தால் முதலில் புதுக் கம்பம் வேண்டும் என்றார்கள். ஆகவே சார்ஜ் போட நெடுஞ்சாலைக்கு ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு ஓட்டலில் நாஷ்டா சாப்பிடுகிற சாக்கில் உட்கார்ந்திருப்பேன். போய் வருவதற்கே போட்டதில் ஒரு பங்கு தீர்ந்துவிடும். இந்த வண்டி யானைக் கனம். எங்கள் கரைச் சாலையில் வயிறு உரசிப் போகும், டயர் நகம் வெட்டின மாதிரித் தேயும். பொன்னேரியில் ஐந்து டயர் கடை ஏறினேன், அந்த அளவைக் காட்டியதும் சிரித்தார்கள். நகரத்திலிருந்து வரவழைத்த ஒரு டயரின் விலைக்கு ஏழுமலை ஒரு வலை செட் வாங்கியிருப்பான். இன்சூரன்ஸ் கட்டிய அன்று ராணி அடுப்பே மூட்டவில்லை. பெட்ரோல் போட வேண்டாம் என்று சேகர் சொன்னது உண்மைதான். மற்ற எல்லாம் போட வேண்டியிருந்தது.

சேகர் பிடித்துக் கொடுத்த சவாரியும் அப்படித்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வந்திருந்த ஜப்பான்காரர் ஏறினார். திரையைப் பார்த்துவிட்டு, “யூ, விவேக்?” என்றார். இல்லை என்று சொன்னால் பிறகு விவரம் சொல்ல வேண்டும், அதற்கு இங்கிலீஷ் வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். அவர் குனிந்து வணங்கினார். வழி முழுக்க, “விவேக் சான், வெரி ரிச்” என்று சீட்டைத் தடவித் தடவிச் சொன்னார். எனக்குக் காது எரிந்தது. அடுத்த சவாரிக்கும் விவேக் வேண்டும் என்று கேட்டாராம். என் சொந்தக் காரில் வேறொருத்தன் பெயரில் நான் டிரைவர்.

பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் செருகினேன், கார் ஏற்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. எடுத்துப் பார்த்தால் துளைகளுக்குள் செம்பெல்லாம் பச்சை பூத்துப் போயிருந்தது, பழைய கோயில் மணி மாதிரி. மூக்கை வைத்தால் ஏரியின் கழிமுகச் சேற்று நாற்றம். மிச்சக் கரண்டில் உருண்டு வீட்டுக்கு வந்தது, பிறகு அசையவில்லை. கட்டி இழுக்கவும் கூடாதாம், லாரிமேல்தான் ஏற்ற வேண்டுமாம். நகரத்து சர்வீஸ் சென்டரிலிருந்து பெரிய லாரி வந்து, ஊர் பார்க்க, காரை முதுகில் ஏற்றிக் கொண்டுபோனது. ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள், வண்டியே வண்டியில் ஏறியதை எங்கள் குப்பம் அன்றுதான் பார்த்தது.

சர்வீஸ் சென்டரில் எல்லாம் கண்ணாடி. செருப்பை எங்கே விடுவது என்று தேடினேன், எல்லோரும் போட்டுக்கொண்டுதான் நடந்தார்கள். காபி கொடுத்தார்கள். டை கட்டிய ஒரு பிள்ளை, கம்ப்யூட்டரில் அந்தப் பச்சைத் துளைகளை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் காட்டி, இது வெள்ளமா, கடலில் இறக்கினீர்களா, கூடவே இது என்ன மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டான். சாமி கும்பிட்டோம் என்றேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினான். உப்புத்தண்ணீர் என்று எழுதியாகிவிட்டதால் கம்பெனி பொறுப்பு ஏற்காது என்றான். அந்தச் சிறு வாய், அதிலிருந்து பேட்டரிவரை போகும் ஆரஞ்சு நிறக் கேபிள், நடுவில் ஒரு பெட்டி, மூன்றையும் மாற்ற வேண்டும். அவன் சொன்ன தொகைக்கு மோட்டாரோடு இரண்டு படகு இறக்கலாம். இப்படியே விற்றுவிடலாம் என்று சோழவரம் ஷெட்காரனைக் கூப்பிட்டேன். தண்ணீர் பட்டது என்று ரெக்கார்டில் ஏறிய வண்டியை இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டான். அவன் பேசும்போது பின்னால் சென்ட் அடிக்கும் சத்தம் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

கன்னியப்பன் மாமாவிடம் ராணி போய்க் கேட்டாள். கேட்டதைவிட, சண்டை போட்டாள் என்பதுதான் சரி. ஊர்த் தண்ணி ஊத்தி ஊரே கெடுத்த வண்டி, ஊர்ப் பணத்தில் கொஞ்சம் கொடுங்கள் என்றாள்.

“தண்ணி கெடுத்துச்சா?” என்றார் மாமா. “ஏம்மா, இந்தத் தண்ணியிலதான் உன் மாமனாரு படகு முப்பது வருஷம் கெடந்துச்சு. கெட்டுச்சா? நம்ம தண்ணி தாங்காத வண்டிய இவன் எதுக்கு நம்ம ஊருக்கு இட்டாந்தான்? ஊத்தும்போது வாய்ல இன்னா வெச்சிக்கினு இருந்தான்?”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அருவருப்புதான் இருந்தது. எதன்மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பை அடக்கிய டைக்காரப் பிள்ளை, ‘மச்சான் உன் நேரம் சரியில்ல’ என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்காத சேகர், ஒட்டுகிற சீட், எல்லாவற்றுக்கும் நடுவில் என் மூடின வாய். பழைய யூசுஃபுக்கு மெசேஜ் போட்டேன். வாளியும் துணியும் அப்படியே இருக்கிறது, வா என்றார். புது விசா என்றால் முதல் வருஷம் லீவு கிடையாது. காரை வைத்துச் சம்பாதிக்க வந்தவன், காருக்காகச் சம்பாதிக்கத் திரும்பிப் போனேன். சீட்டு நாளுக்கு நான் இருக்கமாட்டேன் என்பது விமானம் ஏறும்போதே தெரியும். இங்கிருந்து அனுப்பிய பணத்தில் காரைச் சரி செய்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்ட ஆள் இல்லை. ஏழுமலைக்குப் பயம், சேகரைத் தொடவிட ராணிக்கு மனமில்லை. கோயிலுக்குப் பக்கத்துக் காலிமனையில் பழைய வலையைப் போர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். ராணி வாரம் ஒருமுறை செருகி எடுக்கிறாள். அன்றெல்லாம் பக்கத்து வீட்டு ஃபேன் கிழவனாகிவிடும், அந்த வீட்டுப் பேச்சையும் அவள்தான் வாங்கிக்கொள்கிறாள்.

இன்று சீட்டுப் போட்டார்கள். நான் வாளியோடு நின்றபோது ஏழுமலை கூப்பிட்டு, போனை மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்தான். ஸ்பீக்கரில் எனக்கு எல்லாம் கேட்டது. காற்று, ஒலிபெருக்கியின் கரகரப்பு, யாரோ இருமுவது. பெயர்கள் வந்தன. ஒவ்வொருவரும் ‘இருக்கேன்’ என்றார்கள். பிறகு கன்னியப்பன் மாமாவின் குரல்: “தேசிங்கு.” மறுபடியும்: “தேசிங்கு.”

“அண்ணன் போன்ல கீறாரு மாமா” என்றான் ஏழுமலை.

“போனு வந்து வலை கட்டுமா? ஆளு கீறானா?”

“ஆளு இல்ல. வண்டிதான் கீது, வேணும்னா அதுக்கு ஒரு சீட்டு குடு” என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கூப்பிட மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

செல்போனில் அந்தக் காருக்கான ஆப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது. நிறைய வண்டிகளுக்கு நடுவில் தன் வண்டியைக் கண்டுபிடிக்க, விளக்கை மினுக்கி ஹாரன் அடிக்கும். நான் ஒருநாளும் தொட்டதில்லை. “தேசிங்கு” என்று அவர் சொல்லி முடித்ததும் அதை அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் கையிலிருந்த போனுக்குள், கடல் தாண்டி, எங்கள் கோயில் பக்கத்தில், வலைக்கு அடியிலிருந்து என் கார் கூவியது. நாய்கள் குரைத்தன. குழந்தைகள் ‘வலைக்குள்ள வண்டிக் கண்ணு எரியுது’ என்று கத்தினார்கள். கூட்டம் சிரித்து ஓய்ந்தது.

“வண்டிக்குப் பாடு கெடயாது” என்றார் மாமா. “அடுத்த பேரு படிப்பா.”

நான் போனை அணைக்கவில்லை. ஹாரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சத்தம் இங்கே தரைக்கு அடியில் சுவர்களில் முட்டி எதிரொலித்தது. யூசுஃப் தன் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார். யாருடைய காரையோ நான் தொட்டுவிட்டேன் என்று நினைத்து வரிசை வரிசையாகப் பார்த்தார்.

“சதீக், விச் கார்?” நண்பா, எந்தக் கார் என்று கேட்டார்.

“மை கார்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார். “யுவர் கார்? வேர்?”

எந்தப் பக்கம் என்று யோசிக்காமலே என் கை நீண்டது. கிழக்குச் சுவரைக் காட்டியது. அந்தச் சுவருக்குப் பின்னால் மண், மண்ணுக்குப் பின்னால் கடல். ஊறிய தண்ணீர் காய்ந்து சுவர் முழுக்க உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. யூசுஃப் என் விரல் போன வழியே பார்த்தார், உப்பைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. நான் சொல்லாமலே அதைக் கவனித்ததற்காக என் தோளில் தட்டினார்.

“குட், குட். க்ளீன்” என்றார்.

ஹாரன் தானாக நின்றது. போன் ஒருமுறை சிணுங்கி, அறுபது என்றது. நான் துணியை நனைத்து, சுவரில் இருந்த உப்பைத் துடைக்கத் தொடங்கினேன்.